சனாதிபதியின் காப்புரிமையும் அதன் எல்லையும்

குறிகட்டுவான் துறையில் வள்ளமேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர், நடுக்கடலில் தண்டையலின் கையைப் பற்றி இழுப்பதில்லை. பிழையிருப்பின் கரையில் விசாரிப்பர். நாட்டின் தலைவருக்குச் சட்டம் அளிக்கும் காப்பும் இத்தகையதே. அக்காப்பு எங்கே முடிகின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, பதவியிலிருக்கும் சனாதிபதிமீது வழக்குத் தொடுப்பதை 35ஆம் உறுப்புரையால் தடுக்கின்றது. 2015இல் வந்த 19ஆம் திருத்தம், அடிப்படை உரிமை மனுக்களுக்குச் சட்டமா அதிபர் வாயிலாக வழிவிட்டது. குற்றப் பிரேரணை பற்றி உயர் நீதிமன்றம் நடத்தும் விசாரணைக்கோ, அக்காப்பு தொடக்கந்தொட்டே பொருந்தாது.

ஆயினும் அவ்விசாரணையை அடைதல் எளிதன்று. 38ஆம் உறுப்புரையின்படி, உறுப்பினருள் மூன்றிலிரண்டு பங்கினர் பிரேரணையிற் கையொப்பமிடல் வேண்டும். பாதிப்பேருக்குக் குறையாதோர் ஒப்பமிடின், குற்றச்சாட்டு விசாரணைக்குரியதெனச் சபாநாயகர் திருப்தியுறல் வேண்டும். பாராளுமன்றம் மூன்றிலிரண்டு வாக்கால் அதனை நிறைவேற்றிய பின்னரே நீதிமன்றம் ஆராய்ந்து, இரண்டு மாதத்துள் அறிக்கை தரும். குற்றங் காணப்படின், பதவிநீக்கத்துக்கு மீண்டும் மூன்றிலிரண்டு வாக்கு வேண்டும்.

1991 ஆகஸ்டில் சனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிராகப் பிரேரணை கொடுக்கப்பட்டது. அவர் பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடிவுறுத்தினார். சபாநாயகர் பிரேரணையை ஏற்றபின் பாராளுமன்றத்தைக் கலைப்பதற்கே 70ஆம் உறுப்புரை தடையிடுகின்றது. கூட்டத்தொடரை முடிவுறுத்துவதற்கு அன்று. அக்டோபரில், செல்லுபடியான கையொப்பங்கள் போதாவெனச் சபாநாயகர் எம். எச். முகம்மது அதனை நிராகரித்தார். விசாரணை நீதிமன்ற வாயிலையே அடையவில்லை.

அடைந்திருப்பினும் மற்றொரு வினா எழுந்திருக்கும்: அரச ஆவணங்களைத் தரமாட்டோமென மறுக்கலாமோ? 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்து 123ஆம் பிரிவு, வெளியிடப்படாத அரச ஆவணங்களைத் திணைக்களத் தலைவரின் அனுமதியின்றிச் சான்றாக்க இடந்தருவதில்லை. ஆள்மீதுள்ள காப்பு நீங்கினும், ஏட்டின் பூட்டு நிருவாகத்தின் கையிலேயே உளது.

இவ்வினாவை அமெரிக்கா 1974இல் எதிர்கொண்டது. ஒலிநாடாக்களைத் தர மறுத்த சனாதிபதி நிக்சனின் வழக்கில், யூலை 24ஆந் திகதி எட்டு நீதியரசர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இரகசியங் காக்கும் உரிமை உண்டு. எனினும் அது எல்லையற்றதன்று. குற்றவழக்குக்கு வேண்டிய சான்றை அது மறைக்கலாகாது என்பதே தீர்ப்பு. பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவோ, தான் கேட்ட சான்றுகளைத் தர மறுத்தமையையே தனிக் குற்றச்சாட்டாக்கியது. ஆகஸ்ட் 9ஆந் திகதி நிக்சன் பதவி துறந்தார்.

இராணுவ இரகசியமும் பிறநாட்டு உறவும் காக்கப்படவேண்டியனவே. ஆனால் எது இரகசியம் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே தீர்மானிப்பின் விசாரணை வெறுஞ் சடங்காகும். அதனை நீதிமன்றமே ஆவணத்தைப் பார்த்துத் தீர்மானித்தல் முறை. தண்டையல் கரையேறினால் மட்டும் போதாது. கணக்கேடும் உடன் கரையேற வேண்டும். சட்டம் பயிலப்போகும் நம் கல்லூரி மாணவர் இதனை ஆழ்ந்து சிந்திப்பாராக.