ஜீப் உதிரிப் பாகமும் எல்லை தாண்டிய விலையும்

ஒண்டாரியோவின் வடபகுதிக் காட்டுப் பாதைகளிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சரிவுகளிலும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு, வாகனத்தில் ஏதேனும் ஒரு பாகம் முறிந்ததும் எழுகிற முதல் கேள்வி, அதை உள்ளூர்க் கடையில் வாங்குவதா, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதா என்பதே. கனடாவின் ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே வசிப்பதால், அமெரிக்கக் கடைகளின் விலைப் பட்டியல் அவர்கள் கண்ணெதிரிலேயே எப்போதும் இருக்கிறது.

அந்தப் பட்டியல் கவர்ச்சியாக இருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஜீப் ராங்ளர் தயாராவது ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரத்தில். அதன் ஆக்சில்களுக்குப் பேர்போன டானா நிறுவனத்தின் தலைமையிடம் அதே வட்டாரத்தில். சேற்றில் புதைந்த வண்டியை இழுத்து மீட்கும் விஞ்ச் இயந்திரங்களில் பிரசித்தி பெற்ற வார்ன் நிறுவனம் இருப்பது ஒரேகானில். கனடாவைப் போல் எட்டு மடங்கு ஜனத்தொகை கொண்ட சந்தையில் சரக்கு மலிந்து கிடப்பதும், போட்டியினால் விலை இறங்குவதும் இயல்பே.

ஆயினும் பட்டியலில் காணும் விலை வேறு, வீட்டு வாசலில் பொருள் வந்து இறங்கும்போது கொடுத்து முடித்திருக்கும் விலை வேறு. உதாரணமாக, வண்டியை உயர்த்திக் கட்டுவதற்கான சஸ்பென்ஷன் தொகுதி ஒன்று 500 அமெரிக்க டாலர் என்றும், ஒரு அமெரிக்க டாலருக்கு 1.40 கனடா டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். பொருளுக்கு 700, அனுப்பும் செலவு 60 அமெரிக்க டாலரானால் அதற்கு 84, அந்நிய நாணயத்தில் செலுத்துவதற்காகக் கடன் அட்டை வங்கி 2.5 சதவிகிதம் எடுத்துக்கொண்டால் 19.60, பொருள் தீர்வைச் சலுகைக்கு உரியதல்லவென்று தீர்மானமாகி 6 சதவிகிதச் சுங்கத் தீர்வை விழுந்தால் 42, ஒண்டாரியோவின் 13 சதவிகித விற்பனை வரி, தீர்வையும் சேர்ந்த தொகையின் மேல், 96.46, கூரியர் நிறுவனத்தின் சுங்கத் தரகுக் கட்டணம் 45 என்று கொண்டால், மொத்தம் 987 டாலரைத் தொட்டுவிடுகிறது. அதே தொகுதியை உள்ளூர் வியாபாரி 850 டாலருக்கு விற்றால், வரியோடு 960.50. முதலில் ‘கொள்ளை விலை’ என்று தோன்றிய உள்ளூர் விலை, கணக்கு முடிந்தபின் குறைந்த விலையாகி நிற்கிறது.

இதில் பலரும் இடறி விழும் இடம் சுங்கத் தீர்வைதான். அமெரிக்கா, மெக்ஸிகோ, கனடா ஆகிய மூன்று தேசங்களுக்கும் இடையிலான வர்த்தக உடன்படிக்கை 2020 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபின், மற்ற இரு தேசங்களிலிருந்தும் கனடாவுக்குக் கூரியர் மூலம் வரும் சரக்கு 40 கனடா டாலர் வரை வரியும் 150 டாலர் வரை தீர்வையும் இன்றி வரலாம். தபாலில் வருவதற்கோ பழைய 20 டாலர் வரம்புதான். இந்த வரம்புகளுக்கு மேற்பட்ட சரக்கு தீர்வையின்றி நுழைவதற்கு, அது அமெரிக்கக் கடையிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. வட அமெரிக்காவில் உற்பத்தியானது என்றும் ருஜுவாக வேண்டும். அமெரிக்க முத்திரையிட்ட பெட்டிக்குள் இருப்பது சீனாவிலோ தைவானிலோ வார்க்கப்பட்டதானால் அந்தச் சலுகை இல்லை. இதற்கு மேல், 2025 மார்ச்சில் கனடா பல அமெரிக்கச் சரக்குகளின் மீது 25 சதவிகிதப் பதிலடித் தீர்வை விதித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி அவற்றுள் பெரும்பாலானவற்றை நீக்கியபோதும் உருக்கு, அலுமினியம், மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டவற்றை விடவில்லை. ஆகையால் சென்ற வருஷம் நண்பர் செலுத்திய தொகையை நம்பி இவ்வருஷம் கட்டளை அனுப்புவது உசிதமன்று.

தரகுக் கட்டணத்தைத் தவிர்க்க வழி இல்லாமற் போகவில்லை. சரக்கு தம் கைக்கு வருமுன் சுங்க அலுவலகத்துக்கு நேரில் சென்று, தாமே வரி செலுத்தி விடுவித்துக்கொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. வேறு சிலர் வாஷிங்டன் மாநிலத்தின் பிளெய்ன், பாயின்ட் ராபர்ட்ஸ், நியூயார்க்கின் ஆக்டன்ஸ்பர்க் போன்ற எல்லையோர ஊர்களிலுள்ள பார்சல் நிலையங்களின் விலாசத்துக்குப் பொருளை வரவழைத்து, காரில் போய் எடுத்து வருகிறார்கள். அன்றைக்கே திரும்பினால் சொந்த உபயோகச் சலுகை ஏதும் கிடையாது. 24 மணி நேரம் தங்கினால் 200 டாலரும், 48 மணி நேரம் தங்கினால் 800 டாலரும் கிடைக்கும். திரும்பும்போது சுங்கத்தில் மறைக்காமல் சொல்வது கட்டாயம். மறைத்து அகப்பட்டால் பொருளும் பறிபோகும், அபராதமும் சேரும்.

இவ்வளவும் பணக் கணக்கு. என் அபிப்பிராயத்தில் இதைவிடப் பெரிது, தவறான பாகம் வந்து சேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்கிற விஷயம். 1997 முதல் 2006 வரை வந்த ராங்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்: பின்புறத்தில் டானா 35 ஆக்சிலும் இருக்கலாம், டானா 44 ஆக்சிலும் இருக்கலாம், வெளித்தோற்றத்தில் இரண்டு வண்டிகளும் ஒன்றே. முறிந்த ஆக்சில் தண்டைக் கந்தல் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கடை மேஜைமீது வைத்தால், பழக்கமுள்ள கடைக்காரர் அதன் முனையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பல்வரிகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணுவார்; 27 என்றால் டானா 35, 30 என்றால் டானா 44. வண்டி எண்ணின் 17 எழுத்துகளைக் கேட்டு, முந்தைய சொந்தக்காரர் ஆக்சிலை மாற்றியிருக்கக்கூடுமா என்றும் விசாரிப்பார். இந்த ஞானத்துக்குத் தனி விலை போடப்படுவதில்லை; உள்ளூர் விலையில் அதுவும் அடங்கியிருக்கிறது. இவரிடம் சந்தேகம் தெளிந்துகொண்டு, பின்பு சில டாலருக்காக வேறிடத்தில் வாங்குவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். சிற்றூர்களில் இத்தகைய கடை ஒன்று மூடப்பட்டால், அடுத்த கடை பல மணி நேரப் பிரயாணத்துக்கு அப்பால் இருக்கும்.

ஆகவே, முறிந்தால் வண்டி காட்டில் நின்றுவிடும் ஆக்சில் தண்டு, பால் ஜாயின்ட், சக்கர பேரிங், பிரேக் முதலியவற்றை ஊரிலேயே வாங்குவதும், விளக்கு, இருக்கை உறை, உள்ளூரில் எவரும் வைத்திராத அபூர்வமான தொகுதி முதலிய காத்திருக்கக்கூடியவற்றை எல்லை தாண்டி வரவழைப்பதுமே தக்க வழி. பம்பர் போன்ற பருமனான சாமான்களில் எடையை மட்டுமன்றிப் பெட்டியின் பரிமாணத்தையும் கணக்கிட்டுக் கூரியர்கள் கூலி வாங்குவதால், அனுப்பும் செலவே லாபத்தை விழுங்கிவிடக்கூடும்.

வரவழைத்த பாகம் பொருந்தவில்லை என்றால், திருப்பி அனுப்பியதற்கான ரசீதுடன் விண்ணப்பித்துச் செலுத்திய தீர்வையையும் வரியையும் சுங்க இலாகாவிடமிருந்து மீட்டுக்கொள்ள இடமுண்டு. தரகுக் கட்டணத்தையும் போக்குவரத்துக் கூலியையும் சுங்க இலாகா தராது; அவற்றை விற்றவர் ஏற்பாரா என்பதைக் கட்டளை அனுப்புவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.