பழைய காருக்கு முன் ஸ்பிரிங்: உயரத்தை நம்பாதீர்கள், கம்பியை அளந்து பாருங்கள்

வீட்டில் ஒரு பிரீமியர் பத்மினி நிற்கிறது. முன்பக்கம் தொங்கிவிட்டது. ஓசூரிலிருந்து தளி போவதற்குள் வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டுகிறது. பட்டறையில் காட்டினால், "ஸ்பிரிங் உக்காந்துடுச்சு சார், கொஞ்சம் ஹெவியா போட்டுடலாம்" என்பார்கள். உட்கார்ந்துவிட்டது என்பது பெரும்பாலும் சரி. ஹெவியாகப் போடலாம் என்பதில்தான் வம்பு இருக்கிறது.

முன்னால் சுருள் ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிகளில் நம் பக்கம் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, இத்தாலிய ஃபியட் 1100-இன் வழியில் வந்த பத்மினி. இன்னொன்று, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பழைய அம்பாசடருக்கு முன்னால் இருப்பது முறுக்குக் கம்பி. அதன் கணக்கு வேறு, அம்பாசடர்காரர்கள் இங்கேயே விடைபெறலாம்.

ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பின்னால் ஒரு பக்கப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதன் குறுக்கு மூலையில் முன்பக்க உயரமும் மாறும். அதனால் பின் ஆக்ஸிலை நட்ட நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்பக்கத்தை மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கோளாறு முன்னால்தான். புஷ்ஷையும் ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும் ரப்பரையும் பாருங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பயனில்லை. அது ஆட்டத்தை அடக்குமே தவிர வண்டியின் எடையைத் தாங்காது.

இப்போது முக்கியமான விஷயம். உட்கார்ந்த ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அதன் நீளம்தான் குறைந்திருக்கிறது. துரு தின்று கம்பி மெலியாதவரை, விறைப்பு ஏறத்தாழ பழையபடியே இருக்கும். ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் பழைய ஸ்பிரிங்கிலேயே பத்திரமாக இருக்கின்றன. நம்ப முடியாதது நீளம் ஒன்றுதான். ஆனால் கடையில் பெரும்பாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி, உயரத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

கம்பித் தடிமன் நான்காம் படியில் வேலை செய்கிறது. உதாரணத்துக்கு 13 மி.மீ. கம்பி, கம்பி மையத்திலிருந்து மையத்துக்கு 100 மி.மீ. விட்டம், 7 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு மில்லிமீட்டர் அழுத்த ஏறத்தாழ 4.1 கிலோ எடை வேண்டும். கம்பியை மட்டும் 14 ஆக்கினால் அது 5.5 கிலோ ஆகிவிடும், அதாவது விறைப்பு 34 சதவீதம் கூடுகிறது. அளக்கும்போது அரை மில்லி பிசகினாலே 16 சதவீதம் போய்விடும். எனவே பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வொர்க்‌ஷாப் மேனுவல் கிடைத்தால் கவலையில்லை. கிடைக்காவிட்டால் எடைமேடைக்குப் போங்கள், கிரானைட் லாரி ஓடும் இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றுங்கள். 460 கிலோ காட்டினால் ஒரு பக்கத்துக்கு 230. சக்கரம், டிரம் போன்றவை ஸ்பிரிங்கின் மேல் ஏறாத எடை; அதற்கு ஒரு 30 கிலோ கழித்தால் 200. ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, கீழ் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 6 மி.மீ. அழுந்துகிறது என்றால், 200-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். ஸ்பிரிங் தாங்குவது சுமார் 333 கிலோ. 4.1 கிலோ கணக்கில் அது 81 மி.மீ. அழுந்தும். வண்டி சரியான உயரத்தில் நிற்கும்போது ஸ்பிரிங்குக்கான இடைவெளி 220 மி.மீ. என்றால், புதிய ஸ்பிரிங்கின் தனி நீளம் 301.

இதே 301 நீளத்தில் 14 மி.மீ. கம்பி ஸ்பிரிங்கைப் போட்டால் அது 60 மி.மீ. மட்டுமே அழுந்தும். வண்டியின் மூக்கு 35 மி.மீ. வானத்தைப் பார்க்கும், கேம்பர் கெடும், டயர் ஓரத்தில் தேயும், குழிக்குக் குழி முதுகில் இடிக்கும். "ஹெவி"யின் பலன் இதுதான்! ஏ.சி. மாட்டி முன்பக்கம் எடை கூடியிருந்தால் மட்டும் அதற்கேற்ற சிறு மாற்றம் நியாயம். ஒரு சுற்றை அறுத்து உயரத்தைச் சரிசெய்வதும் வேண்டாம். 7 சுற்று 6 ஆனால் விறைப்பு 17 சதவீதம் ஏறும். அறுத்த முனையும் இருக்கையில் சரியாக உட்காராது. காஸ் வைத்துச் சூடேற்றி இறக்குவது அதைவிட மோசம், அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும்.

வாங்க வழிகள் உண்டு. பத்மினிக்கு பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம். டீசல் வண்டிக்கானதா பெட்ரோல் வண்டிக்கானதா என்று கேட்டே வாங்குங்கள். ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் ஆகியவற்றின் முன் அமைப்பும் இதே குடும்பம்தான். முன்னது எடை குறைந்த இரண்டு இருக்கைக் கார், பின்னது ஆறு சிலிண்டர் கனம். உள்ளே நுழைகிறது என்பதற்காக அது உங்கள் வண்டிக்குரியது ஆகிவிடாது. சென்னை புதுப்பேட்டைப் பழசு வேண்டவே வேண்டாம், அதுவும் உட்கார்ந்ததாகத்தான் இருக்கும்.

என் ஓட்டு புதிதாகச் செய்துகொள்வதற்கே. ஓசூரிலும் பெங்களூரு பீன்யாவிலும் விசாரித்தால் ஸ்பிரிங் செய்பவர்கள் கிடைப்பார்கள். சிலிகோ மாங்கனீஸ் அல்லது குரோம் வனேடியம் ஸ்பிரிங் எஃகு, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றம், ஷாட் பீனிங் என்று எழுதிக் கேளுங்கள். கடைசியில் முழுக்க அழுத்தி அழுத்தி விட்டு, நீளம் நிலைத்த பிறகே தர வேண்டும். அதைச் செய்யாத ஸ்பிரிங் உங்கள் வண்டியில் ஏறிய பிறகு உட்காரும். "333 கிலோவில் 220 மி.மீ." என்பதுபோல் எடையோடு சேர்த்து உயரத்தைச் சொல்லி, அதைச் சோதித்த தாளும் வாங்குங்கள். பவுடர் கோட்டிங் போதும். பளபளப்புக்காக முலாம் பூசினால் அமிலக் குளியலில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஸ்பிரிங் பின்னால் திடீரென்று முறியக்கூடும்.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். 100 மி.மீ. அழுந்திய இந்த ஸ்பிரிங்குக்குள் 400 கிலோ விசை காத்திருக்கிறது.

புது ஸ்பிரிங் பொருந்தவில்லை என்று சேஸில் வெட்டி வெல்டிங் செய்ய விடாதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டி விண்டேஜ் என்று பதிவாக, அதன் சேஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். ஆரம்ப காலப் பத்மினிகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன.

மாற்றிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் உயரம் அளந்து, அதன் பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கத்தது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். கம்பியின் தடிமனுக்கு அதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.