வராந்தாவில் ஓர் இடம்

ஆனையூரில் வரன் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பார்கள், நகை கேட்பார்கள். போகிற போக்கில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள்: "அவங்க வகையறாவுல யாருக்காவது அந்தச் சீக்கு உண்டா?" பெயரைச் சொல்ல மாட்டார்கள். தொழுநோய் என்று சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பக்கத்திலிருக்கும் மானாமதுரையில், தயாபுரம் மருத்துவமனையில் அந்த நோய்க்குக் காலங்காலமாக வைத்தியம் நடக்கிறது. தாத்தாவுக்குக் குணமாகிவிடும். பேத்தியின் கல்யாணப் பேச்சில் மட்டும் அது குணமாவதில்லை.

இந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பால் பிராண்ட் நினைவுக்கு வருவார். கொல்லிமலையில் கிறிஸ்தவ ஊழியம் செய்த தம்பதிக்கு 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். பிறகு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடி" என்றார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அழுகிப்போனதாக ஊர் ஒதுக்கிய கைக்கு இத்தனை வலுவா?

அந்தப் பிடியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. முழங்கை, மணிக்கட்டுப் பக்கம் நரம்பு செத்துப்போவதால் சில தசைகள் மட்டுமே செயலிழக்கின்றன. முன்கைத் தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு தசைநாரை எடுத்து மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். விரல்கள் குறைந்துபோனதற்கும் காரணம் புரிந்தது. துருப்பிடித்த பூட்டை பிராண்டால் திறக்க முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. வலிதான் நம் விரல்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் எலி கடித்தாலும் இவர்களுக்கு உறைக்காது. அதனால் வீடு திரும்புகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள்.

நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து நின்றார்கள். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்துக் காசும் போடவில்லை, வேலையும் தரவில்லை. படித்த இடத்தில் என்னை நிறுத்திவைத்த செய்தி இது. பிராண்ட் மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 'நவஜீவ நிலையம்' என்று குடிசைகள் போட்டு, அந்தக் கைகளுக்குத் தச்சுத்தொழில் பழக்கினார்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. தொழுநோயிலிருந்து குணமானவர்களை 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்தது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியை நாடாளுமன்றம் அடைத்தது 2019இல்தான்.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று பிராண்ட் போன்றவர்களை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒரு ராத்திரியைப் பற்றி. பஸ்ஸில் ஏற்ற மறுத்ததால், புண்ணான காலோடு நடந்தே வேலூர் வந்து சேர்ந்தார் ஒரு நோயாளி. பிராண்ட் அப்போது ஊரில் இல்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள். குழந்தைகளுக்கு எளிதில் தொற்றும் என்று மருத்துவர்களே அஞ்சிய காலம் அது. பிராண்டின் மனைவி மார்கரெட்டும் மருத்துவர். அந்த அச்சம் அவருக்கும் இருந்தது. முதலில் தயங்கினார். பிறகு அந்த நோயாளியைக் கூப்பிட்டு, தங்கள் வராந்தாவிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்.