மண்ணுக்குள் கியாஸ் குழாய்: துரு பிடித்தால் ஆபத்து!

விரிஞ்சிபுரம்,

உப்பு பட்ட இரும்பு என்ன ஆகும் என்று தோல் ஷாப் தொழிலாளர்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணுக்குள் ஓடும் கியாஸ் குழாய்க்கும் துருதான் எமன்.

ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27-ந்தேதி அதிகாலை கெயில் நிறுவன குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உடல் கருகி பலியானார்கள். ஈரப்பதமுள்ள கியாஸ் சென்றதால் குழாய் உள்ளுக்குள் அரித்தது விசாரணையில் தெரியவந்தது.

இதை தடுக்க கியாசில் உள்ள ஈரத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். எஃகு குழாயின் வெளியே பிளாஸ்டிக் பூச்சு பூசி, லேசான மின்சாரமும் கொடுக்கிறார்கள். உள்ளே கருவியை ஓடவிட்டு தேய்மானம் பார்க்கிறார்கள். இந்த விதிகளை வகுத்து கண்காணிப்பது, 2006-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்.

குழாய் போகும் இடத்தில் எச்சரிக்கை பலகை இருக்கும். பள்ளம் தோண்டும் முன் அதில் உள்ள நம்பருக்கு போன் போட்டு சொல்லிடணும். பொக்லைன் பட்டு பூச்சு கீறினாலே போதும், அங்கே துரு ஆரம்பிச்சிடும்.