மூன்று மணி நேரக் குடல்

1936இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில், சார்ல்ஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற இளம் மருத்துவரின் முகத்துக்கு நேராக ஃபெரெட் என்ற சிறு பிராணி ஒன்று தும்மியது. ஓரிரு நாளில் அவர் காய்ச்சலில் படுத்தார். அவர் தொண்டையில் கிடைத்ததும் ஃபெரெட்டுக்கு ஏற்றியிருந்ததும் ஒரே இன்ஃப்ளூயன்ஸா வைரஸ். மனிதர்களின் ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ்தான் என்பதை 1933இல் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர் உறுதிசெய்ததும் இந்தப் பிராணியை வைத்துத்தான். நோயாளியின் தொண்டை கழுவிய நீரை அதன் மூக்கில் சொட்டுவிட்டார்கள். அது நம்மைப் போலவே சளி பிடித்துத் தும்மியது.

ஃபெரெட் வளர்ப்பவர்களுக்கு இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. வீட்டில் யாருக்காவது ஃப்ளூ என்றால், அவர் அதைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. மீறி அதற்கும் தொற்றிவிட்டால், நம் மாத்திரை டப்பாவைத் திறக்கக் கூடாது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் அதற்கு விஷம்.

ஃபெரெட்டைப் பார்ப்பதற்கு நம்மூர்க் கீரியின் சாயல் தெரியும். ஆனால் உறவு நீர்நாயோடு. முயல் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காக ஐரோப்பிய போல்கேட் என்ற காட்டுப் பிராணியைச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் பழக்கி எடுத்தார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது வீட்டுச் செல்லம். ஆனால் கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் வளர்க்கத் தடை. ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். தூக்கிக் குலுக்கினாலும் எழாத தூக்கம். புதிதாக வாங்கியவர்கள் செத்துவிட்டதென்று பதறி மருத்துவரிடம் ஓடிய கதைகள் ஏராளம்.

தூங்குமூஞ்சிதான், ஆனால் உடம்புக்குள் எல்லாம் அவசரம். வாயில் போட்டது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சத்தெடுக்கும் பை அதன் குடலில் கிடையாது. எனவே இறைச்சிப் புரதமும் கொழுப்பும்தான் உணவு. சோறு, பிஸ்கட், பழம் எல்லாம் வீண். தட்டு எந்நேரமும் காலியாகாமல் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குக்கூட மூன்று, நான்கு மணி நேரம் பட்டினி போட்டால் போதும். குட்டிகளுக்கு ரப்பரும் ஸ்பாஞ்சும் தின்னும் ஆசை உண்டு. அது குடலில் அடைத்தால் அறுவைச் சிகிச்சைதான்.

நான்கு வயதைத் தாண்டிய ஃபெரெட் ஒரு காலையில் நடு அறையில் நின்று சுவரையே வெறித்துப் பார்க்கிறது என்று வையுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை. சற்று நேரத்தில் எச்சில் வழிகிறது. முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டுகிறது, பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல. நடக்க முயன்றால் பின்னங்கால்கள் இழுபடுகின்றன. பலர் பல்வலி என்றோ கால் சுளுக்கு என்றோ நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இன்சுலினோமா. கணையத்தில் கடுகளவுக் கட்டிகள் முளைத்து, தேவையில்லாத நேரத்திலும் இன்சுலினைக் கொட்டும். ரத்தச் சர்க்கரை சரியும். வெறும் வயிற்றில் 90க்கு மேல் இருக்க வேண்டியது 60க்கும் கீழே போயிருக்கும். நமக்குத் தெரிந்த நீரிழிவின் தலைகீழ்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, விரல் நுனியில் தேன் தொட்டு ஈறில் தடவுவது. வலிப்பு வந்திருந்தால் விரலை வாய்க்குள் விடக் கூடாது, கடித்துவிடும். உதட்டோரம் தடவினால் போதும். தெளிந்ததும் இறைச்சி கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தேன் வேலை செய்கிறதே என்று தினமும் கொடுப்பவர்கள் உண்டு. அது தப்பு. இனிப்பைக் கண்டதும் கட்டிகள் இன்னும் இன்சுலினைக் கொட்டும். சர்க்கரை முன்பைவிடக் கீழே விழும். ப்ரெட்னிசோலோன் மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சில காலம் தள்ளலாம். முழுக் குணம் அபூர்வம்.

இன்னொரு நோயை நாமே கையில் கொடுத்தோம், ஓர் ஆபத்தைத் தடுக்கப் போய். பெண் ஃபெரெட் வசந்தத்தில் சினைப்பருவத்துக்கு வந்தால், இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளியேறும். இணையில்லாவிட்டால் அந்தப் பருவம் மாதக்கணக்கில் நீளும். இடைவிடாத ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கும், ஈறு வெளுக்கும், ரத்தசோகையில் செத்துப்போகும். துணையில்லாததால் சாவது என்பது இங்கே வெறும் பேச்சில்லை. அதனால் கருத்தடை அவசியம். அமெரிக்கப் பண்ணைகளில் ஆறு வார வயதிலேயே இனப்பெருக்கச் சுரப்பிகளை வெட்டி எடுத்து அதை முடித்து விற்கிறார்கள். வாங்குபவருக்கு வசதி, விற்பவருக்கு இன்னும் வசதி.

ஆனால் மூளைக்கு இது தெரியாது. இனப்பெருக்கச் சுரப்பிகளை வேலை செய்யச் சொல்லி அது ஹார்மோன் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'போதும், நிறுத்து' என்று பதில் சொல்ல அங்கே சுரப்பி இல்லை. அந்த ஆணை சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் காதில் விழுகிறது. அது வீங்கி, பாலின ஹார்மோன்களைத் தானே சுரக்கத் தொடங்குகிறது. முதலில் வால் மொட்டையாகும். பிறகு இடுப்பு, முதுகு. ஆணுக்கு ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்டால், ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2000இல், கருத்தடைக்கும் இந்நோய்க்கும் இடையே சராசரியாக மூன்றரை ஆண்டு இருப்பதைக் கண்டார்கள். கருத்தடை முந்தினால் நோயும் முந்துகிறது. இப்போது அரிசிமணி அளவில் டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அது மூளையின் ஆணையையே சில காலம் அடக்கிவிடும். ஐரோப்பாவில் பலர் கத்திக்குப் பதிலாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கப் பண்ணைகளும் மாறலாம் என்பேன். ஆறு வாரக் குட்டிக்கு அப்படி என்ன அவசரம்?

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளும் வசதி அதற்கு அநேகமாக இல்லை. 30 டிகிரியே ஆபத்து.

மீண்டும் லண்டனுக்கு வருவோம். 1933இல் ஃபெரெட்டுகள் அங்கே தயாராக இருந்தது எப்படி? 1920களில் நாய்களின் டிஸ்டெம்பர் நோய்க்குத் தடுப்பூசி தேட, 'தி ஃபீல்ட்' என்ற இதழ் பணம் திரட்டியது. அந்த ஆய்வுக்காக வளர்க்கப்பட்டவை அவை. டிஸ்டெம்பர் வந்த நாய் சில வேளை பிழைக்கும், ஃபெரெட் பிழைப்பதில்லை. மோவாயில் சொறி, கண்ணில் பீளை, உள்ளங்கால் தடிப்பு, முடிவில் மரணம். 1985இல் வயோமிங்கில் எஞ்சியிருந்த கருங்கால் ஃபெரெட்டுகளை அது பிளேக்கோடு சேர்ந்து வாரிக்கொண்டு போனது. 1987க்குள் பதினெட்டு மட்டுமே மிஞ்சின. அவற்றைக் கூண்டுக்குக் கொண்டுவந்துதான் இனத்தைக் காப்பாற்றினார்கள். அதற்கும் முன், 1970களின் தொடக்கத்தில், காப்பாற்ற நினைத்துப் போட்ட தடுப்பூசியே பிடித்துவந்த ஆறில் நான்கைக் கொன்றது. வீட்டு ஃபெரெட்டுக்கு ஒத்துக்கொண்ட உயிருள்ள வைரஸ், அதன் காட்டு உறவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் நாய்க்குப் போடும் ஊசியை இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. ஃபெரெட்டுக்கென்றே உள்ள ஊசியைப் போட்ட பிறகும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காரச் சொல்வார்கள், ஒவ்வாமை வந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்று. பைக்குள் அது பாட்டுக்குச் சுருண்டு தூங்கும். ரோஜா நிற மூக்கு வெளுக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது நீங்கள்.