மூட்டைப்பூச்சியோடு ஒரு குடித்தனம்!

ராத்திரி இரண்டு மணி. ஃபேன் ஓடுகிறது. நல்ல தூக்கம். கனவில் முதலாளி சம்பளத்தை ஏற்றித் தரப் போகிற நேரம் பார்த்து இடுப்புக்கு மேலே சுரீர்... இல்லையில்லை, சுரீரென்று இருந்தால்தான் பிடித்துவிடலாமே! கடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அரிக்கும். எழுந்து லைட்டைப் போட்டால் வரிசையாக மூன்று தடிப்பு. ஆளைக் காணோம்.

அரியலூரில் எனக்கு அது முதல் வேலை. பி.காம். முடித்துவிட்டு, சிமென்ட் ஏற்றும் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடி ரூம். நாலு பேர், ஆளுக்கு அறுநூறு ரூபாய் வாடகை. ரூமில் நாலு இரும்புக் கட்டில் கிடந்தது. "கட்டிலும் உண்டு தம்பி, அதுக்குத் தனியா காசு வேணாம்" என்று வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு லாட்ஜை மூடியபோது மொத்தமாக வாங்கிப் போட்ட கட்டில்கள். ஓசியில் வந்த கட்டில் காலியாகவா வரும்?

பத்தே நாளில் நானும், சிமென்ட் ஆலையில் அப்ரண்டிஸாக இருந்த பையனும் உடம்பெல்லாம் கோடு போட்ட மாதிரி ஆனோம். ஆபீஸில் ஒரு கையால் லெட்ஜர், மறு கையால் சொறி. ஆனால், குன்னம் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தானே ஒருத்தன், அவனுக்கு மட்டும் ஒரு புள்ளி கூடக் கிடையாது! "உங்க ரத்தம் இனிப்பு மாப்ள" என்று சிரிப்பான்.

அது தப்பு என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவனையும் கடித்துத்தான் இருக்கும். கடிக்கும்போது பூச்சி தன் எச்சிலைத் தோலுக்குள் இறக்குகிறது. அதில் வலி தெரியாமல் செய்யும் சரக்கும் உண்டு, ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் சரக்கும் உண்டு. அந்த எச்சிலை எதிர்த்துத்தான் நம் தோல் தடிக்கிறது. சிலருடைய உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. கல்யாணமான வாசகர்கள் கவனிக்க: "எனக்குக் கடிக்கலை, உனக்கு மட்டும் எப்படி?" என்று வீட்டில் வாதம் வேண்டாம். ஒரே கட்டிலில் ஒருவருக்கு அரிக்கும், இன்னொருவர் குறட்டை விடுவார். இரண்டு பேருமே சாப்பாடுதான்!

நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற மூட்டைப்பூச்சி ஒரு இனம், குளிர் நாட்டில் அதிகம் இருப்பது இன்னொரு இனம். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான்: ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம், இறக்கை கிடையாது, நம் மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் மோப்பம் பிடித்து வரும். ஐந்து முதல் பத்து நிமிஷம் குடித்துவிட்டு ஓடிவிடும். பெண் பூச்சி தன் ஆயுளில் இருநூறு முட்டைக்குக் குறையாமல் இடும். வெயில் ஊரில் ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு. குஞ்சு ஐந்து முறை தோல் உரிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். ஒன்றரை இரண்டு மாதத்தில் அதுவும் முட்டை போட ஆரம்பித்துவிடும். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், இது கூட்டு வட்டி. அசல் ஒரே ஒரு பூச்சி. சினைப்பட்டு வந்தால் போதும், ரூம் முழுக்க வாரிசு.

பஞ்சம் வந்தாலும் கவலைப்படாது. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் கட்டில் இடுக்கில் காத்துக் கிடக்கும். 'ஒரு மாசம் ரூமைப் பூட்டிப் போட்டா செத்துடும்' என்று ஊருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைப்பது, ஒரு மாதப் பசியோடு காத்திருக்கும் வரவேற்புக் குழு!

இதன் பூர்வீகத்தைக் கேட்டால் மரியாதையே வந்துவிடும். பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரம் பார்த்திருக்கிறீர்களா? பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மரமே கல்லாகிப் படுத்திருக்கும். சுமார் பன்னிரண்டு கோடி வருஷம் பழசு என்கிறார்கள். அப்போது இந்தப் பக்கம் கடல் இருந்தது. கடல் விட்டுப் போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூரில் இன்றைக்கு சிமென்டாக அரைத்துக்கொண்டிருக்கிறோம். 2019-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி, மூட்டைப்பூச்சிக் குடும்பம் உலகத்துக்கு வந்து பதினொன்றரைக் கோடி வருஷம் ஆகிறது என்று கணக்கிட்டது. அதாவது கல்மரம் பச்சை மரமாக நின்ற காலத்துக்குப் பக்கத்து வீட்டு ஆள்! டைனோசர் போய்விட்டது. மரம் கல்லாகிவிட்டது. இது மட்டும் என் தலையணைக்கு அடியில் சுகமாக இருந்தது.

*

சரி, கடித்தால் நோய் வருமா? எல்லோருக்கும் இருக்கிற பயம் இது. எங்கள் ரூமிலும் ஒருத்தன் மஞ்சள் காமாலை என்றான், ஒருத்தன் எய்ட்ஸ் என்றே கிளப்பிவிட்டான். பூச்சியின் உடம்புக்குள் பலவகைக் கிருமிகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது கடித்து மனிதனுக்கு ஒரு தொற்றுநோய் வந்தது என்று இதுவரை நிரூபணம் ஆனதில்லை. 2014-ல் அமெரிக்காவில், தென் அமெரிக்காவில் பரவும் சாகஸ் என்ற நோயின் கிருமியை மூட்டைப்பூச்சி எலிகளுக்குக் கடத்தியதாகக் காட்டினார்கள். அது பரிசோதனைக்கூடத்தில், எலிகளோடு.

அதற்காக இது சாது என்று அர்த்தமில்லை. சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ரொம்பப் பெருகிவிட்ட இடத்தில் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் ரத்தசோகை வரை போகும். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை. 2018-ல் இன்னொரு விஷயம் தெரிந்தது: இதன் எச்சத்தில் ஹிஸ்டமின் இருக்கிறது, பூச்சியை ஒழித்த பிறகும் அது வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் தங்குகிறது. அலர்ஜிக்கு டாக்டர் மாத்திரை எழுதுகிறாரே, அது மல்லுக்கு நிற்பது இந்த ஹிஸ்டமினோடுதான்.

என் அனுபவத்தில் பெரிய நஷ்டம் தூக்கம். மூன்று வாரம் சரியாகத் தூங்காமல் ஒரு நாள் பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டு, அறுபதாயிரம் ரூபாய் உதைத்தது. முதலாளி முறைத்தார். காரணம் சொல்ல முடியுமா? "சார், எங்க ரூம்ல மூட்டைப்பூச்சி" என்றால் மறுநாள் என் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தக் கூச்சம்தான் பூச்சிக்குப் பெரிய பாதுகாப்பு. அழுக்கு வீட்டில்தான் வரும் என்பது நம் நினைப்பு. 2023-ல் பாரிஸ் நகரத்தையே இது கதிகலங்க வைத்தது. சினிமா தியேட்டரில் இருக்கிறது, ரயிலில் இருக்கிறது என்று பிரெஞ்சு அரசாங்கமே கூட்டம் போட்டுப் பேசியது. அதே வருஷம் தென்கொரியாவிலும் அலறல். இதற்கு வேண்டியது ரத்தம். ஆசாமி குளித்தவரா, சென்ட் போட்டவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

*

இப்போது குன்னத்துக்காரன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு அரிப்பு இல்லையே தவிர, நாங்கள் ராத்திரி மூன்று தடவை லைட்டைப் போட்டுக் கட்டிலைத் தட்டுவதில் அவன் தூக்கமும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன், குளிர்பான பாட்டிலில் எதையோ ஊற்றிக்கொண்டு வந்தான். பருத்திக்கு அடிக்கிற மருந்து. "காய்ப்புழுவே சாவுது, இது சாவாதா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது! தண்ணீரில் கலந்து, வெறுங்கையால் துணியில் முக்கி, நாலு கட்டிலுக்கும் மெத்தைக்கும் பூசினான். அன்றைக்கு மழை. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தல். எனக்கு நாற்றம் தாங்காமல் மொட்டை மாடிக் கூரைக்கடியில் பாயைப் போட்டுக்கொண்டேன். அப்ரண்டிஸுக்கு நைட் ஷிஃப்ட். நாலாமவன் ஊருக்குப் போயிருந்தான்.

ஒரு மணி இருக்கும், ஓங்கரிக்கிற சத்தம். உள்ளே போனால் வாந்தி. சட்டையைப் பிழியலாம், அப்படி வியர்வை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. கூப்பிட்டால் பதில் குழறுகிறது. வீட்டுக்காரரை எழுப்பி, அவர் டி.வி.எஸ்.ஸில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முதலில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்ன மருந்து? பாட்டில் எங்க?" பாட்டிலில் குளிர்பானத்தின் பெயர்தானே இருக்கிறது! அட்ரோபின் ஊசி மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஐந்து நாள். மூன்றாம் நாள் அவன் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "பூச்சிக்குன்னுதானடா எடுத்துட்டுப் போன..." என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டான். 2017-ல் இதே பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இறந்துபோன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது. திறந்த வெளியில், காற்றோட்டத்தில் அடித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஜன்னல் சாத்திய பத்துக்குப் பத்து ரூமில்?

இது ஏதோ எங்கள் ரூம் முட்டாள்தனம் மட்டுமில்லை. 2018-ல் எகிப்தில், ஹுர்காதா என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்த பிரிட்டிஷ் தம்பதி இறந்தார்கள். அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்திருந்தார்கள். அந்த மருந்தின் ஆவிதான் உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடு விஷமாக மாறியது என்று 2023-ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2025 பிப்ரவரியில் கொழும்பில் ஒரு விடுதியில் தங்கிய இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இறந்தார்கள். அங்கேயும் மூட்டைப்பூச்சிக்குப் புகை மருந்து போட்டிருந்தார்கள். எலிக்கு என்றாலும் கதை இதேதான்: 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்த ராத்திரி, ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் போய்விட்டன.

அதிலும் நெல் கோடவுனில் வைக்கிற மாத்திரை இருக்கிறதே, அலுமினியம் பாஸ்பைடு, அதை மெத்தைக்கு அடியில் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளோடு சகவாசத்தையே விட்டுவிடுங்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே விஷவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இத்தனைக்கும் கடையில் விற்கும் ஸ்பிரேக்குப் பூச்சி இப்போது அவ்வளவாகச் சாவதும் இல்லை. டி.டி.டி.க்கே 1947-ல் ஹவாய் தீவில் டேக்கா கொடுத்துவிட்ட ஜாதி. இன்றைய வீட்டு ஸ்பிரேக்களையும் பழகிக்கொண்டுவிட்டது. அடித்தால் கொஞ்சம் சாகும், மீதி பக்கத்து ரூமுக்குக் குடிபோகும். அவர்கள் அடிக்கும்போது நம்மிடம் திரும்பி வரும்!

*

அப்புறம் எப்படித்தான் ஒழித்தீர்கள் என்று கேட்கிறீர்களா? குன்னத்துக்காரனின் அப்பாயி ஒழித்தார்கள். பேரனைப் பார்க்க வந்த கிழவி மாடி ஏறி வந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, "அடுப்பைப் பத்த வைங்கடா" என்றார். கட்டிலைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஸ்க்ரூ ஓட்டை, இடுக்கு ஒன்று விடாமல் ஊற்றினார். நாங்கள் அசட்டுத்தனமாகச் சிரித்தோம். ஆனால் விஞ்ஞானம் அப்பாயி பக்கம். 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். பெரிய ஊர்களில் இதையே மெஷின் வைத்து, அறையைச் சூடாக்கிப் பெரிய பில் போடுகிறார்கள்!

மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மேல் பக்கம் சுட்டால் அடிப் பக்கம் போய்விடும். எங்கள் மெத்தைகளை எரித்தோம். போர்வை, கைலி எல்லாம் கொதிதண்ணீரில். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம்.  சுவர்க் காலண்டருக்குப் பின்னால், சுவிட்ச் போர்டு இடுக்கில், சூட்கேஸ் தையலில் பேனா முனையால் புள்ளி வைத்த மாதிரி கறுப்பாக இருந்தால் அங்கே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். முட்டை பொரியும் கணக்குக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு மறுபடி கொதிதண்ணீர். அப்படி மூன்று தடவை. இரண்டாவது தடவையோடு விட்டுவிடலாம் என்று அப்ரண்டிஸ் சொன்னான். நான் கூட்டு வட்டியை ஞாபகப்படுத்தினேன்.

பூச்சி ரொம்பப் பெருகிவிட்டால், லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வெளியே இருக்கச் சொல்கிறாரோ அவ்வளவு நேரம் குழந்தை குட்டியோடு வெளியே இருங்கள். மருந்து வாடையில் யாருக்காவது வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் உடனே வெளியே தூக்கி வந்துவிட்டு 108.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூரில் லாட்ஜில் தங்கினேன். பழக்கதோஷம், பையைத் தரையில்கூட வைக்காமல் பாத்ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த ரூம் பையன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி, பழைய ரூம்மேட்டு..."

பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். "அவங்க எல்லாம் கீழ எட்டாம் நம்பர்ல சார். இது புது மெத்தை" என்றான்.