தங்கக் குளமும் பெருமழையும்

தங்கச் சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்குக் கோலார் தங்கவயலின் ஆழ்குழிகளே நினைவிற்கு வரும். 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட அச்சுரங்கத்தில் பாறையை மாவாக அரைத்துத் தொட்டிகளிலிட்டுத் தங்கத்தைப் பிரித்தனர். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் தங்கமே கிடைக்கும் இடங்களில் அவ்வளவு செலவு கட்டுபடியாகாது. அத்தகைய தரம் குறைந்த தாதுவிற்கென்று 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வழக்கிற்கு வந்ததே குவியல் கரைப்பு முறை. புவியமைப்பியல் மாணவன் என்ற முறையில் இதனைப் படிக்கப் புகுந்த எனக்குத் தங்கத்தைவிட, அதைச் சுமந்துவரும் கரைசலைத் தேக்கிவைக்கும் குளமே பெரிதும் வியப்பூட்டியது. அக்குளத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உடைத்த தாதுவைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குன்றுபோல் குவிப்பர். அதன் உச்சியில் சொட்டுநீர்க் குழாய்களின் வழியே மிகவும் நீர்த்த சோடியம் சயனைடு கரைசலை விடுவர். அது மெல்லக் கசிந்திறங்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு குளத்தை வந்தடையும். கரியின் ஊடே செலுத்தித் தங்கத்தைப் பிரித்த பின்னர், அதே கரைசலை மீண்டும் உச்சிக்கே ஏற்றுவர். ஆக, ஒரே நீர் சுற்றிச் சுற்றி வருகின்றது. வெளியே ஒரு சொட்டும் போகலாகாது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் சயனைடே ஆற்று மீன்கள் பலவற்றைக் கொல்லப் போதுமானது.

இந்தச் சுற்றுக்குள் அழையாத விருந்தாளியாக நுழைவதுதான் மழை. விரிப்பின்மேல் விழும் ஒவ்வொரு துளியும் நஞ்சோடு கலந்து குளத்திற்கே வரும். எவ்வளவு வரும்? ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கனமீட்டர் நீர். குவியலும் குளமும் சேர்ந்து 50 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 கனமீட்டர் சேர்ந்துவிடும்.

கதை அத்தோடு முடிவதில்லை. புயல் வந்தால் மின்சாரம் போகும், பம்புகள் நிற்கும். ஆனால் குவியலுக்குள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் கரைசல் நிற்காது. 10 ஹெக்டேர் பரப்பில், சதுர மீட்டருக்கு மணிக்கு 10 லிட்டர் வீதம் விட்டுக்கொண்டிருந்தால், மணிக்கு 1,000 கனமீட்டர் ஆகிறது. வடிதல் நேரம் ஆக ஆகக் குறையும் என்றாலும், ஒரு நாள் மின்தடைக்கு 24,000 கனமீட்டர் என்று கொள்வதே பாதுகாப்பு. அன்றாட வேலைக்கான இருப்பு 8,000 எனக் கொண்டால், மொத்தம் 82,000 கனமீட்டர். அலையடிப்பிற்காகக் கரையை மேலும் ஒரு மீட்டரளவு உயர்த்த வேண்டும். இவை மூன்றில் பெரியது எதுவோ அதற்கு மட்டும் குளம் வெட்டினால் போதாதா என்று நண்பரொருவர் கேட்டார். போதாது. புயலும் மின்தடையும் சேர்ந்தே வருகிறவை, கூட்டியே ஆகவேண்டும்.

எந்த மழைக்குக் கணக்கிடுவது? ‘நூறாண்டு மழை’ என்பது வழக்கமான அளவுகோல். நூறாண்டிற்கு ஒருமுறைதான் வரும் என்று இதற்குப் பொருளன்று. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். பத்தாண்டு நடக்கும் சுரங்கத்தில் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு. ‘இருபத்தைந்தாண்டு மழை’க்கு மட்டும் கட்டினாலோ, அது 34 விழுக்காடாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு! கணிதத் துறை நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் என் எண்ணத்தில், ஒருநாள் புயலைவிடக் கொடியது நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேரும் நீரே. கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள சம்மிட்வில் சுரங்கம் இதற்குச் சான்று. 1986இல் அங்குக் குவியல் கரைப்பு தொடங்கியது. வந்துசேரும் நீரைத் திட்டமிட்டவர்கள் குறைவாக மதிப்பிட்டனர். மலைப்பனி உருகி உருகி ஆண்டுதோறும் நீர் மிகுந்தது, விரிப்பும் கசிந்தது. 1990இல் கீழேயுள்ள டெரஸ் நீர்த்தேக்கத்தில் விட்டிருந்த மீன்கள் மறைந்தன. (பழியெல்லாம் சயனைடின் மேல் போடுவது நியாயமன்று; சுரங்கத்திலிருந்து வழிந்த செம்பு கலந்த அமில நீருக்கும் பெரும் பங்குண்டு.) 1992 டிசம்பரில் நிறுவனம் திவாலாகிச் சுரங்கத்தைக் கைவிட்டது. பம்புகளை நிறுத்தினால் நச்சுக் கரைசல் ஆற்றில் வழிந்துவிடும் நிலை. அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பொறுப்பேற்று அதைத் தடுத்தது. அவ்விடத்தைச் சீராக்க 15 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

எனவே ஓராண்டின் மழை, பனி, ஆவியாதல் அனைத்தையும் மாதவாரியாக வரவு செலவு எழுதிப் பார்த்தே குளத்தை அமைக்கின்றனர். மேட்டு நிலத்து வெள்ளம் உள்ளே வராதபடி சுற்றிலும் கால்வாய் வெட்டுவர். குளத்திற்கு இரட்டை விரிப்பிட்டு, இரண்டிற்கும் நடுவே கசிவைக் காட்டும் அடுக்கு வைப்பர். மழை மிகுந்த நாடுகளில் குவியலின் மீதே பிளாஸ்டிக் போர்வை போர்த்துவதும் உண்டு. டீசல் ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும்.

புயல் நீருக்கென்று தனிக் குளமொன்றும் வெட்டுவர். அது எப்போதும் வெறுமையாகவே இருக்கவேண்டும். இங்குதான் மனிதர் குறுக்கிடுகின்றனர். வெறுமையாகக் கிடக்கும் குளத்தைக் கண்டால் மேலாளருக்குக் கை அரிக்கும். மிகுந்த கரைசலைக் கொஞ்சம் அதில் விட்டுவைக்கத் தோன்றும். அப்படி 20,000 கனமீட்டர் விட்டுவைத்திருந்தால், மேலே நாம் போட்ட கணக்கில் 82,000க்கு இருந்த இடம் 62,000 ஆகிவிடும். அடுத்த நாள் வரும் மழையோ பழைய கணக்கின்படியே பெய்யும்.